பிரிண்டில் வராத வரி

வியாசர்பாடி பாக்ஸிங் கிளப்பில் எடை பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அந்த யோசனை எனக்கு வந்தது. ஹவுசிங் போர்டு வீடுகளுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில், போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள் பனியனைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக மெஷினில் ஏறி இறங்கினார்கள். மேசையில் ஏழுமலை அண்ணா. எங்கள் பிளாக்கிலேயே மூன்றாவது மாடி. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுபவர். வேலை முடிந்தால் கிளப். ஆளுக்கு ஒரு அட்டை வைத்திருந்தார்: எடை, வயது, எத்தனை போட்டி ஆடியவர், எங்கே அடிபட்டிருக்கிறது. யாரை யாரோடு மோதவிடுவது என்று அவர் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அட்டைகளைப் பரப்பினார், அட்டை சொன்னபடி ஜோடி சேர்த்தார். ஒருவர் எடை கூடிப்போய் வெளியேறியதும் அந்த ஒரு அட்டையை உருவினார். மிச்சத்தை நகர்த்த ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. திருவொற்றியூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. அந்த மேசையைப் பார்த்தபடியே நின்றேன். எங்கள் சாஃப்ட்வேரின் ஒவ்வொரு துண்டும் இப்படித் தன் அட்டையைத் தானே சுமந்துகொண்டு வந்தால்?

கை சும்மா இருக்குமா? "அண்ணா, அடுத்த கட்டுக்கு நான் பட்டியல் போடட்டுமா?" என்று அட்டைகளை வாங்கி மடமடவென்று அடுக்கிக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, அண்ணனையும் தம்பியையும் எதிர் எதிர்ல நிக்க வச்சிட்ட?"

"அட்டையில அது இல்லையேண்ணா."

"அதெல்லாம் எவம்மா எழுதி வெப்பான்? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான?"

ஷெட்டே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

போன மாதம் என் பழைய கம்பெனியிலிருந்து இரண்டு பேர் போன் செய்தார்கள். நான் விருப்ப ஓய்வு வாங்கி ஒரு வருஷம் ஆகவில்லை. ஓய்வும் நானும் இன்னும் சரியாக அறிமுகமாகிக்கொள்ளவில்லை. புதுக் கருவி ஒன்று வருகிறதாம், எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளுமாம். "மேடம், ரிலீசுக்கு முன்னாடி எல்லா வரியையும் வாய்விட்டுப் படிக்கணும்னு ஒரு விதி இருக்கே. யார் போட்டாங்கன்னே தெரியல. எடுத்துடலாமா?" என்று கேட்டார்கள். யார் போட்டது என்று எனக்குத் தெரியும். எதனால் போட்டோம் என்பதை போனில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படிப்பு, பயிற்சி எல்லாம் சுருக்கமாகச் சொன்னால் போதும். அப்பாவுக்கு ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் வேலை. நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, மாலை வகுப்பில் இன்ஜினியரிங். முதல் ஒரு வருஷம் கையில் சால்டரிங் அயர்ன். அடுத்த வருஷம் சாஃப்ட்வேர் பக்கம் நானாகவே போய் உட்கார்ந்துகொண்டேன், யாரும் எழுப்பிவிடவில்லை.

நாங்கள் செய்தது கிரேனில் மாட்டும் ஒரு பெட்டி. லிமிட்டர் என்பார்கள். தூக்குகிற எடையை டன் கணக்கில் ஆபரேட்டருக்குக் காட்டும். அளவு மீறினால் தூக்கும் மோட்டாரை நிறுத்திவிடும். ஒரு கஸ்டமருக்கு சைரன் வேண்டும், இன்னொருவருக்குப் பிரிண்டர், வேறொருவருக்கு இரண்டு கொக்கி. ஒவ்வொருவருக்கும் பழைய ஃபோல்டரைக் காப்பி எடுத்துத் திருத்திக் கொடுப்போம். ஒரு ஃபோல்டரில் பிழையைச் சரிசெய்தால், மற்றதில் அது கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும்.

நாங்கள் பயன்படுத்திய குட்டி ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு ஒரு உள்ளமைவு மொழியும் வந்திருந்தது. யாரும் தொடாமல் கிடந்தது. திங்கட்கிழமை காலையில் அதன் கையேட்டைப் பிரித்தவள் வெள்ளிக்கிழமைதான் மூடினேன். மற்ற மொழிகள் போல 'இதைச் செய், அதைச் செய்' என்று அது சொல்வதில்லை. அதில் ஒரு பேக்கேஜ், அதாவது சாஃப்ட்வேரின் ஒரு துண்டு, தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிறது. என் பெயர் இது. யாரும் எதுவும் போடாவிட்டால் என் மதிப்பு இது. இன்னின்ன மதிப்பைத் தவிர வேறு எதையும் ஏற்கமாட்டேன். நான் ஓடுவதற்கு இன்னது கட்டாயம் இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதை நாங்கள் 'தேவை வரி' என்போம். சாட்சாத் ஏழுமலை அண்ணாவின் அட்டை.

எல்லாப் பேக்கேஜையும் அந்த மொழியோடு வந்த கருவியிடம் கொடுத்தால், எது எதோடு ஒத்துப்போகவில்லை என்று அது காட்டும். எதை மாற்றினால் சரியாகும் என்றும் சொல்லும். நாம் 'சரி' அழுத்தினால் தானே மாற்றிக்கொள்ளும். கடைசியில் ஒரு நீளமான ஃபைல் வரும். அதில் ஒவ்வொரு மதிப்புக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பும் இருக்கும்: இயல்பாக வந்தது, ஆள் போட்டது, கருவி ஊகித்தது.

அத்தனை ஃபோல்டர்களையும் ஆறு மாதத்தில் ஒரே குடும்பமாக்கினேன். லிமிட்டர் பேக்கேஜுக்கு மட்டும் இருபத்தாறு தேவை வரிகள் எழுதினேன். எடை உணரும் கருவி, நினைவகம், சைரன், மோட்டாரை நிறுத்தும் ரிலே, ஒன்றும் விடவில்லை. விடவில்லை என்றுதான் நினைத்தேன்.

இனி ஸ்டெல்லா மேடம். தரப் பரிசோதனைப் பிரிவின் தலைவர், ராயபுரத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் வேத வாசிப்பு அவருடையது. அதே குரலில்தான் எங்கள் உள்ளமைவு ஃபைலையும் வாசிப்பார். ரிலீசுக்கு முன்னால் முழு ஃபைலையும் பிரிண்ட் எடுத்து மேசையில் வைக்க வேண்டும். ஒரு ஸ்டீல் ஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைப்பார். எதிரில் பேக்கேஜ் எழுதியவர் உட்கார வேண்டும்.

"பிரிண்டர் ஸ்டாக் நினைவகம். நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு. ஏன்?"

"ரெண்டாயிரம் பத்தல மேடம்."

"பத்தலன்னு எப்படித் தெரியும்?"

"அளந்து பார்த்தேன்."

டிக். ஸ்கேல் ஒரு வரி இறங்கும். காரணம் சொல்லத் தெரியாமல் முழித்தால் திட்டமாட்டார். ஸ்கேலை அங்கேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வந்து அதே வரி, அதே குரல், அதே 'ஏன்?'. அறுபது தாள், இரண்டு முழு நாள். இரண்டாம் நாள் மாலை அவருக்குக் குரலே இருக்காது. சுக்குத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கடைசிப் பக்கங்களை முணுமுணுப்பார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு மத்தியானத்தில் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன். 'ஆள் போட்டது' என்று குறிப்பு உள்ள வரிகளை மட்டும் பிரிண்ட் எடுக்கும். அறுபது தாள் நாலு தாளாயிற்று.

"மத்ததெல்லாம்?" என்றார் ஸ்டெல்லா மேடம்.

"மத்ததெல்லாம் இயல்பா வர்றது மேடம். மாறவே மாறாது."

அவர் தொண்டையைத் தடவிக்கொண்டார். "கர்த்தர் உன்னை ஆசீர்வதிக்கட்டும்" என்றார்.

அதே வருஷம் கோடையில் ஏழுமலை அண்ணா மாடிப்படியில் என்னை நிறுத்தினார். அவர் யார்டில் ஓடியதும் எங்கள் பெட்டிதான். "தங்கச்சி, உங்க டப்பா நம்பரு வெயில்ல சுத்தமா தெர்ல. ஒரு கைய கண்ணு மேல வச்சிகினு எப்டி லிவரு புடிக்கிறது? குண்டு குண்டா நம்பரு போட்டுக் குடேன்."

இரண்டே வாரத்தில் பெரிய எழுத்து டிஸ்ப்ளேவுக்கு ஒரு பேக்கேஜ் எழுதினேன். கருவியில் சேர்த்ததும் பதினோரு முரண்பாடுகளைக் காட்டியது. வழக்கமாக வருகிறதுதான்: இதற்கு இன்னும் கொஞ்சம் நினைவகம், அதற்கு ஒரு படி முன்னுரிமை. பதினொன்றுக்கும் சேர்த்துக் கீழே ஒரே ஒரு 'சரி'. முதல் மூன்றைப் படித்தேன், அழுத்தினேன். நாலு தாள் பிரிண்ட், அரை மணி நேர வாசிப்பு, கையெழுத்து. நாலு யார்டுகளுக்கு அனுப்பினோம். ஏழுமலை அண்ணாவுக்கு ஒரே சந்தோஷம். "இப்ப நம்பரு மாதவரம் பஸ்ஸு போர்டு கணக்கா கீது" என்றார்.

மூன்று வாரம் கழித்து ஏழுமலை அண்ணாவின் யார்டிலிருந்து போன். கிரேன் முன்பக்கமாகச் சாய்ந்து பின் சக்கரங்கள் தூக்கிவிட்டன, கன்டெய்னர் ஒரு டிரெய்லர் மேல் விழுந்துவிட்டது என்றார்கள். டிஸ்ப்ளே என்னுடையது என்பதால் நான் போனேன். டிரெய்லரின் கேபின் இருந்த இடத்தில் கேபின் இல்லை. ஸ்டியரிங் வளையம் சீட்டோடு ஒட்டிக்கிடந்தது. டிரைவர் கேட் பாஸ் வாங்கப் போயிருந்தார். அவர் வைத்துவிட்டுப் போன டிபன் பாக்ஸ் தகடாகி, சோறு பக்கவாட்டில் பிதுங்கியிருந்தது. டிரைவர் அதையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

கன்டெய்னரின் எடை, கொடுத்திருந்த தாளில் பதினெட்டு டன். உண்மையில் அதற்கு இரண்டு மடங்கு. லிமிட்டர் ஏன் நிறுத்தவில்லை?

நான் போவதற்குள் கிரேனை அணைத்துத் திரும்பப் போட்டிருந்தார்கள். சோதித்தேன். பெட்டி பழுதில்லாமல் ஓடியது, எடை சரியாகக் காட்டியது. மூடியைத் திறந்தபோது ரிலே முனைகளில் வயர் கட்டிக் கழற்றிய கீறல். லிமிட்டர் அடிக்கடி நிறுத்துகிறது என்று ஆபரேட்டர்கள் அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துக் கட்டிவிடுவது எல்லா யார்டிலும் உண்டு; கட்டினால் லிமிட்டரால் மோட்டாரை நிறுத்த முடியாது. எல்லாரும் உடனே அதைத்தான் நினைத்தார்கள். நானும்.

அன்று அந்தக் கிரேனை ஓட்டிய ஏழுமலை அண்ணா கேட் பக்கத்தில் நின்றிருந்தார்.

"நான் கட்டல தங்கச்சி."

"பழைய கிரேன்ல கட்டுனேன்னு நீங்களே சொல்லியிருக்கீங்களேண்ணா."

"அது பழைய கிரேன். உன் டப்பால நான் கையே வெக்கல. அந்தக் கீறலு வேற ஷிஃப்டு ஆளு எவனாச்சும் கட்டுனதா இருக்கும். நம்பரு ஏறிகினே வந்துச்சு, பதினெட்டுல நின்னுச்சு. மோட்டாரு மூச்சு வாங்கிகினு கீது, நம்பரு மட்டும் அப்டியே நிக்குது."

"நம்பர் நிக்காதுண்ணா. வாட்ச்டாக் இருக்கு."

"இன்னா டாக்?"

"போர்டுக்குள்ள ஒரு கடிகாரம். புரோகிராம் செகண்டுக்கு ஒரு தடவை அதைத் தட்டிக் குடுக்கணும். தட்டலன்னா புரோகிராம் செத்துப்போச்சுன்னு அர்த்தம். உடனே மோட்டாரை நிறுத்திட்டு போர்டை மறுபடி கிளப்பிடும்."

"அப்ப உன் நாய் அன்னிக்கு லீவு போல" என்றார்.

ரிப்போர்ட்டில் இரண்டு வாக்கியம் எழுதினேன். சாதனம் சரியாக இயங்குகிறது. ரிலே முனைகளில் வயர் கட்டப்பட்ட தடயம் உள்ளது. இரண்டும் உண்மை. அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஏழுமலை அண்ணாதான் செய்தார் என்று ஆகிவிடும். அது தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்து, விசாரணைக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை என்று குறித்தார்கள். அவர் மனைவி தண்ணீர்க் குழாயடியில் என் அம்மாவைப் பார்த்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து பிளாக்குக்குப் போக ஆரம்பித்தார்.

விசாரணைக்கு முந்தைய நாள், புதன்கிழமை காலை. வேறொரு வேலைக்காக மேசையில் ஒரு போர்டை ஓடவிட்டிருந்தேன். எடைக்குப் பதிலாக ஒரு குமிழ்; திருகினால் டன் ஏறும். திருகிக்கொண்டே இன்னொரு கையால் எதையோ எடுக்கப் போய், டிஸ்ப்ளேவின் சிக்னல் வயரைத் தட்டிவிட்டேன். அதற்குக் கரன்ட் வேறு வயரில் வருவதால் எண் அணையவில்லை. பன்னிரண்டில் நின்றது. குமிழை முழுசாகத் திருகினேன். பன்னிரண்டு.

சரி, வாட்ச்டாக் இப்போது கிளப்பிவிடும் என்று காத்திருந்தேன். ஒரு செகண்டு. இரண்டு. விரல் விட்டு எண்ணினேன். பத்து எண்ணியாயிற்று. மோட்டாருக்கான ரிலே விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.

ஃபைலைத் திறந்தேன். பிரிண்டை அல்ல, முழு ஃபைலை. வாட்ச்டாக் என்று தேடினேன். மதிப்பு: பூஜ்யம், அதாவது அணைத்துவைத்திருக்கிறது. பக்கத்தில் குறிப்பு: கருவி ஊகித்தது.

அந்த போர்டில் இருந்தது இரண்டு டைமர். ஒன்று சிஸ்டத்துக்கு, மற்றதில் வாட்ச்டாக் ஓடிக்கொண்டிருந்தது. என் டிஸ்ப்ளே பேக்கேஜின் தேவை வரி அந்த இரண்டாவது டைமரைத் தனக்கே தனக்கென்று கேட்டது. யாரை எழுப்பிவிட்டு இதை உட்கார வைக்கலாம் என்று கருவி தேடியது. வாட்ச்டாக் எனக்கு வேண்டும் என்று எந்தப் பேக்கேஜும் சொல்லவில்லை. என் இருபத்தாறு தேவை வரிகளில் அது இல்லை. லிமிட்டருக்கு வாட்ச்டாக் வேண்டும் என்பதை எவள் எழுதி வைப்பாள்? எல்லாருக்கும் தெரிந்ததுதானே. பதினொன்றில் ஒன்பதாவது முரண்பாடு அது. 'சரி' என்றவள் நான். டிஸ்ப்ளே பதில் தராவிட்டால் புரோகிராம் முழுவதும் அதற்காகவே காத்து நிற்கும்படி எழுதியவளும் நான். கிரேன் திணறி அதிர்ந்தபோது சிக்னல் வயர் ஆடியிருக்கிறது, அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

ஃபைலோடு ஸ்டெல்லா மேடம் முன்னால் போய் நின்றேன். அவர் அந்த வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்தார்.

"இந்த வரியை நான் வாசிச்சேனா?"

"இல்ல மேடம்."

"ஏன் வாசிக்கல?"

"பிரிண்ட்ல வரல."

"ஏன் வரல?"

என்னிடம் காரணம் இருந்தது: கருவி ஊகித்த வரிகளையும் என் ஸ்கிரிப்ட் தள்ளிவிட்டிருந்தது. வாயில் வரவில்லை. அன்று அவர் டீ குடிக்கப் போகவில்லை. ஸ்கேலை எடுக்காமல், அந்த வரிக்குப் பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டார். "நானும் ஆசீர்வாதம் பண்ணிட்டுத்தானே உக்காந்திருந்தேன்" என்றார். பிறகு போனை எடுத்தார்.

மத்தியானம் எம்.டி. கூப்பிட்டார். "போர்டை மாத்திடலாம். ரிப்போர்ட்டை ஏம்மா கிளறணும்? விசாரணை அவங்க வீட்டு விவகாரம். அந்த ஆளு வேற எங்கயாவது ஓட்டிக்குவான்."

"நாலு யார்டுக்கும் போன் பண்ணி கிரேனை நிறுத்தச் சொல்லிட்டேன் சார்" என்றார் ஸ்டெல்லா மேடம், வேதம் வாசிக்கும் அதே குரலில். "ஏன்னு கேட்டாங்க. சொல்லிட்டேன்."

எம்.டி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

வியாழக்கிழமை மேசைப் போர்டையும் குமிழையும் ஒரு கூடையில் வைத்து யார்டுக்கு எடுத்துப் போனோம். விசாரணை அறையில் யார்டு மேனேஜரும் இன்னும் மூன்று பேரும். சுவர் ஓரமாக ஏழுமலை அண்ணா, இஸ்திரி போட்ட சட்டையில். புது ரிப்போர்ட்டை நான் வாசித்தேன். பிறகு குமிழைத் திருகி, பதினெட்டு வந்ததும் வயரைப் பிடுங்கினேன். கடைசி வரை திருகினேன். எண் நின்றது. பத்து வரை வாய்விட்டு எண்ணினேன். எட்டு சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. ஸ்டெல்லா மேடம்தான் ஒன்பது, பத்து சொல்லி முடித்தார்.

மேனேஜர் டிஸ்ப்ளேவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்க வயருதான்னு நெனச்சோம்" என்று மட்டும் சொன்னார்.

அன்றே ஏழுமலை அண்ணாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீ தப்பா எழுதுனதுகூட பேஜாரு இல்ல தங்கச்சி" என்றார். "'நம்பர் நிக்காதுண்ணா'ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன பாரு, அதான்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு நின்றார். "மோட்டாரு மூச்சு வாங்குனது எனக்கு நல்லா கேட்டுச்சு. கேட்டும் உன் நம்பரைப் பாத்துதான தூக்கினேன். அப்ப நான் மட்டும் இன்னா? ரெண்டு பேரும் உன் டப்பாவத்தான் நம்பிகினு இருந்தோம்."

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த டிபன் பாக்ஸைவிட இந்தப் பேச்சுதான் இன்னும் என்னைத் தூக்கிவாரிப் போடுகிறது.

ஒரு வருஷம் என் கையெழுத்தில் எதுவும் ரிலீசாகவில்லை. அது சரிதான். அந்த வாரமே ஸ்கிரிப்டை அழித்தேன். முழு ஃபைலும் வாய்விட்டு, கருவி ஊகித்த வரிகள் முதலில், சிவப்பில் என்று ஸ்டெல்லா மேடமும் நானும் சேர்ந்து எழுதியதுதான் அந்த விதி. லிமிட்டர் பேக்கேஜில் இருபத்தேழாவது தேவை வரி வாட்ச்டாக். அதன் விளக்கத்தில், எல்லாருக்கும் தெரிந்தது என்பதால் விடுபட்டது என்று எழுதியிருக்கிறேன். இப்போதும் இருக்கும், பாருங்கள். புதுக் கருவியும் ஊகிக்கத்தான் போகிறது. இன்னும் வேகமாக ஊகிக்கும். விதியை எடுக்காதீர்கள்.

போன ஞாயிறு கிளப்புக்குப் போனேன். ஏழுமலை அண்ணாவும் ரிட்டையர்டு. அதே மேசை, அதே அட்டை. கடைசியில் ஒரு கட்டம் புதிதாக இருந்தது: 'உறவு'. "எப்பண்ணா சேர்த்தீங்க?" என்றேன். "நீ அண்ணன் தம்பிய மோதவுட்ட அடுத்த வாரமே" என்றார். இத்தனை வருஷம் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

கொண்டுபோயிருந்த வெற்று அட்டைக் கட்டை அவர் முன்னால் வைத்தேன். கிரேனைப் பற்றி எங்கேயும் எழுதாமல் அவர் நம்பிக்கொண்டிருந்ததை எல்லாம் சொல்லச் சொன்னேன். யோசிக்கவே இல்லை.

"எழுது. மோட்டாரு மூச்சு வாங்குனா நம்பரைப் பாக்காத."

அதை எழுதினேன். ஆனால் போர்டுக்குக் காது இல்லை. மோட்டார் இழுக்கிற கரன்டை அளந்து, அது டிஸ்ப்ளே காட்டும் எடையோடு ஒத்துப்போகாவிட்டால் நிறுத்துகிற ஒரு பேக்கேஜ் எழுத ஆரம்பித்திருக்கிறேன். முதல் வரியே தேவை வரி, முதல் தேவை வாட்ச்டாக். எந்த அளவில் நிறுத்துவது என்ற இடம் மட்டும் காலி. வருகிற புதன்கிழமை காலை பழைய யார்டில் அண்ணா ஒரு கிரேன் பேசிவைத்திருக்கிறார். எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். அவர் நம்பரைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். மூச்சு வாங்குகிறது என்று அவர் கையைத் தூக்கும்போது கரன்ட் மீட்டர் என்ன காட்டுகிறதோ, அதை அந்தக் காலி இடத்தில் போட வேண்டும். யார் சொன்ன மதிப்பு என்ற குறிப்பில் அவர் பெயர்.